வெள்ளிச் சட்டையை வெளுத்தவர்

லாண்டரிக்காரரிடம் பேசப் போகிறவர்கள் அவர் தங்கள் முகத்தைப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவர் சட்டையைத்தான் பார்ப்பார். "மத்தியானம் டீ குடிச்சீங்களா? அவசரமா குடிச்சிருக்கீங்க" என்பார். "பேனாவை மூடாம பைல வெச்சிருக்கீங்க, வீட்ல ஏதாவது கவலையா?" என்பார். ஒருமுறை துக்க வீட்டுக்குப் போனவர், அழுதுகொண்டிருந்த பெரியவரின் தோளைத் தட்டி, "காலர்ல எண்ணெய்க் கறை இருக்கு, நாளைக்குக் கொடுத்தனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மனுஷனுக்கு வேறு மாதிரி ஆறுதல் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

கடை சின்னது. முன்னால் ஒரு மேஜை, பின்னால் இரண்டு மெஷின், புஸ்ஸென்று சீறும் ஆவி இஸ்திரி, கூரையோரம் ஓடும் கம்பியில் வரிசையாகத் தொங்கும் ஊர்ச் சட்டைகள். ஒவ்வொன்றிலும் ரோஜா நிறத்தில் ஒரு சீட்டுக் குத்தியிருக்கும். மேஜையில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பது அவள் வேலை. கேட்காமல் பேசுவது அவர் வேலை. இந்த ஏற்பாட்டில்தான் கடை இத்தனை வருஷம் ஓடியது.

ஊரே அவரிடம் துணி போட்டது. கூடப் பிறந்த அக்கா மட்டும் போடவில்லை.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் ஓடுகிற நாய்கூட நின்றுவிடும். வீட்டிலும் அதே குரல்தான். குழம்பு கொதிப்பதையே ரயில் வருவதைப் போல்தான் அறிவிப்பாள். தாமதமாக வந்த எத்தனையோ ரயில்களுக்காக அவள் தினமும் வருந்தியிருக்கிறாள். தன் தவறுக்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்குமே அந்தப் பழக்கம் கிடையாது.

இருபது வருஷத்துக்கு முன்னால், கடை திறந்த புதிதில், அக்கா தன் முதல் சம்பளத்தில் வாங்கிய கம்பளிக் கோட்டைத் தம்பியிடம் நம்பிக் கொடுத்தாள். தம்பி அதைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டார். திரும்பி வந்த கோட்டை அவள் கடை வாசலிலேயே மாட்டிப் பார்த்தாள். கை ஏறியது. பொத்தான் மட்டும் எட்டவில்லை. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நம் ஆளால் அது முடியுமா?

"கோட்டு சுருங்கல அக்கா. நீதான் பெருத்துட்ட."

நாலு பேரும் சிரித்தார்கள். அன்றோடு சரி. அக்கா தம்பி வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், தம்பி மனைவியோடு உயிருக்கு உயிராகப் பழகுவாள். ஆனால் துணியை மட்டும் பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த இன்னொரு லாண்டரிக்குத்தான் எடுத்துப் போவாள். வேண்டுமென்றே தம்பி கடை வழியாகப் போவாள். வேண்டுமென்றே மெதுவாகப் போவாள். மூட்டையை அவர் பக்கமாகத்தான் பிடித்துக்கொண்டு போவாள்.

"ஒரு கைக்குட்டையாவது கொடுக்கக் கூடாதா?" என்று அவர் மனைவியிடம் புலம்புவார்.

"சுருங்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அண்ணி கொடுத்துடுவாங்க."

"சுருங்கலைன்னா எப்படிச் சொல்றது?"

"சுருங்கலையா?"

உடனே அவர் இஸ்திரியை ஒருமுறை புஸ்ஸென்று சீறவிட்டு உள்ளே போய்விடுவார்.

அக்கா மகள் கல்லூரியில் வாள்வீச்சு ஆடுகிறவள். நடக்க முடியாத குழந்தைகளின் பகல் பள்ளிக்கு, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய ஒரு வண்டி வாங்குவதற்காக, அவள் கல்லூரியும் பக்கத்து ஊர்க் கல்லூரியும் சேர்ந்து ஒரு போட்டி வைத்தன. பார்க்க வருகிறவர்கள் வாசலில் இருக்கிற வாளியில் மனசுக்குத் தோன்றியதைப் போட வேண்டும். மைக்கில் அறிவிப்பவர் யார் என்று சொல்லவே வேண்டாம்.

போட்டிக்கு முந்தின நாள் அந்தப் பெண் இரண்டு கல்லூரிகளின் உடைகளையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு மாமா கடையில் வந்து இறங்கினாள்.

"அம்மா துணி தர மாட்டேங்கறாங்க. நான் தரேன் மாமா. அம்மா அவங்க கண்ணாலயே பார்க்கட்டும்."

மாமா மூட்டைகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இருபது வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு வேனேறி வந்திருக்கிறது. மறுநாள் அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பாள், கண் முன்னால் தம்பி வெளுத்த துணிகள் பளபளவென்று பாய்ந்து பாய்ந்து சண்டை போடும். அதைப் பார்த்த பிறகும் மனசு இளகாதா?

"வெள்ளை உடுப்பெல்லாம் உங்க இஷ்டம் மாமா. மேல போடற இந்த வெள்ளிச் சட்டை இருக்கு பாருங்க, இதை மட்டும் மெஷின்ல போடாதீங்க. பச்சைத் தண்ணில நனைச்சு, பிழியாம தொங்க விடுங்க. உள்ள கம்பி இழை ஓடுது. அதுல கரண்ட் போகணும்."

"சட்டைல கரண்டா? போட்டவன் கதி?"

"லேசா, மாமா. கத்தி நுனி இதுல பட்டா பெட்டில கலர் விளக்கு எரியும். கையிலயோ காலுலயோ பட்டா வெள்ளை விளக்கு. வெள்ளை வந்தா…"

வெள்ளை என்ற சொல்லோடு அவர் காது அடைத்துக்கொண்டது. காரணம், அந்த நேரத்தில் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டார். அக்குளுக்குக் கீழே வியர்வை பட்டுப் பட்டுப் பச்சையாக ஒரு படை. முதுகிலும் அதே. அது போக, சட்டை முழுக்கவே ஒரு மங்கின சாம்பல். சாம்பல் என்று ஒரு நிறம் இருப்பதையே அவர் ஒப்புக்கொண்டதில்லை. சோம்பேறி ஒருவன் பாதியில் விட்டுப்போன வெள்ளைக்குத்தான் சாம்பல் என்று பெயர் என்பது அவர் கட்சி.

"அந்தப் பொண்ணு அவ்வளவு சொல்லிட்டுப் போச்சு" என்றாள் மனைவி.

"கத்தியைப் பத்தி அது சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன். கறையைப் பத்தி எனக்குச் சொல்ல வேண்டாம்."

வெந்நீர் போட்டார். பிளீச்சிங் பவுடர் போட்டார். பச்சை போகவில்லை, இன்னும் கொஞ்சம் போட்டார். மெஷினில் சுற்றவிட்டார். மாலைக்குள் பச்சை போயிற்று. சாம்பலும் போயிற்று. சட்டையின் உயிரும் அதோடு போயிற்று, அது அப்போது அவருக்குத் தெரியாது. பிறகு ஆவி இஸ்திரி வைத்து, கால்சட்டைக்குப் போடுவது போல ஒவ்வொரு சட்டைக்கும் நடு மார்பில் ஒரு மடிப்பு எடுத்தார். யாரும் கேட்காத மடிப்பு. ரோஜாச் சீட்டைக் குத்தி, உறை மாட்டி, கம்பியில் தொங்கவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். கண் கலங்கியது.

மறுநாள் கல்லூரி விளையாட்டுக் கூடத்தில் தரையோடு தரையாக நீளமான ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். ஆடுகிறவர்கள் அதன் மேல்தான் முன்னும் பின்னும் போக வேண்டும். ஆளுக்கொரு ஒயர் முதுகிலிருந்து ஒரு சுருளுக்கும், சுருளிலிருந்து விளக்குப் பெட்டிக்கும் போயிற்று. முகத்தை மூடும் கம்பிவலைக் கூண்டு, கையில் மெல்லிசான வாள். முன் வரிசையில் பகல் பள்ளிக் குழந்தைகள் சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்து, சண்டை எப்போது ஆரம்பிக்கும் என்று நடுவரைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நடுவர் மற்ற நாட்களில் பல் டாக்டர். வழக்கமாக முதலில் சட்டைகளைச் சோதித்துப் பார்ப்பார்களாம். தர்மத்துக்கு ஆடுகிற ஆட்டம்தானே என்று அன்றைக்கு அதை விட்டுவிட்டார்கள்.

"பார்வையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்றாள் அக்கா. கூடம் கப்சிப்.

முதல் ஆட்டம் அக்கா மகளுக்கும் எதிர்க் கல்லூரியில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் ஒருவனுக்கும். இரண்டு பேர் மார்பிலும் மடிப்பு கத்தி போல நின்றது. லாண்டரிக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா மடிப்பைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள். நல்ல சகுனம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் பாய்ந்தார்கள். பெட்டியில் வெள்ளை விளக்கு எரிந்தது. அவர் எழுந்து நின்று கை தட்டினார்.

"பார்த்தியா, வெள்ளை!"

"நீங்க மட்டுந்தான் தட்டறீங்க" என்றாள் மனைவி. "உக்காருங்க."

மறுபடி வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. ஒவ்வொரு வெள்ளைக்கும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நடுவர் ஒவ்வொரு தடவையும், "சட்டையில் படவில்லை, புள்ளி இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அக்கா மகள் ஒரு பாய்ச்சல் பாய்ந்தாள். வாள் நெட்டையின் நெஞ்சில் குத்தி வில்லாக வளைந்து நின்றதைக் கூடமே பார்த்தது. வெள்ளை விளக்கு.

"சட்டையில் படவில்லை" என்றார் நடுவர், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

நெட்டை கூண்டைக் கழற்றினான். இடது கையை உயரத் தூக்கினான். "பட்டுச்சு சார்."

"விளக்கு அப்படிச் சொல்லலையே தம்பி."

"விளக்குக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும். வலிக்குது."

லாண்டரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் இவன் தானா போய்த் தோக்கறான்? சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பட்டா கை தூக்கணுமாம். இந்த ஆட்டத்துல அது ஒரு மரியாதையாம். உங்க அக்கா பொண்ணு சொல்லியிருக்கு."

"தானாவேவா?"

"தானாவேதான்" என்ற மனைவி, அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் ஆட்டத்தை நிறுத்தி, பெட்டியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த எலெக்ட்ரீஷியனைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், அந்த மனுஷன் ஒயரை மாற்றினார், சுருளை மாற்றினார், பெட்டியை மெதுவாகத் தட்டினார், பிறகு ஓங்கியும் தட்டினார். கடைசியில் சோதனை விளக்கின் இரண்டு முனையையும் நெட்டையின் சட்டையில் வைத்தார். எரியவில்லை. அக்கா மகள் சட்டையில் வைத்தார். எரியவில்லை.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு சார். சட்டைதான் செத்துப்போச்சு. எதுலயோ போட்டு அவிச்சிருக்காங்க."

கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் சட்டையில் தொங்கிய ரோஜாச் சீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து லாண்டரிக்காரருக்கு வந்தது. பிளீச்சிங் பவுடர் டப்பா அவர் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் அந்தக் குடும்பத்து வாய் இருக்கிறதே, அது கண்ணைக் கேட்டுக்கொண்டா திறக்கும்?

"சட்டைக்கு ஒண்ணும் ஆகல" என்றார் எழுந்து நின்று. "பெட்டிதான் கிழண்டு போச்சு."

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே அந்த வாக்கியம் எங்கேயோ கேட்டது போல இருந்தது. மேடையைப் பார்த்தார். அக்கா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, இருபது வருஷத்துக்கு முந்தின அதே முகத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அடித்துச் சொன்னதில் மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லாண்டரிக்காரரைத்தான் ஊருக்குத் தெரியுமே, கைராசிக்காரர், பொய் சொல்வாரா? நடுவர் எலெக்ட்ரீஷியன் பக்கம் திரும்பி, "பெட்டியை நேத்தே பாருன்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினார். "நேத்தே பார்த்தேன் சார்" என்றார் அவர். "பார்த்த லட்சணம் தெரியுது. எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டுக் கிளம்புங்க, ஆட்டம் ரத்து." எலெக்ட்ரீஷியன் குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. முன் வரிசையில் ஒரு குழந்தை, "அவ்வளவுதானா?" என்று கேட்டது.

நெட்டை இன்னும் விரிப்பிலேயே நின்றிருந்தான், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு. லாண்டரிக்காரர் அவனைப் பார்த்தார். எலெக்ட்ரீஷியனின் காதைப் பார்த்தார். முதல் தடவையாக ஒரு மனுஷனின் சட்டையைப் பார்க்காமல் வேறு ஒன்றைப் பார்த்தார் என்று மனைவி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

அவருடைய இடது கை மெதுவாக மேலே போயிற்று.

"கழிப்பறை வலது பக்கம்" என்றார் நடுவர்.

"அதில்ல சார். பட்டுச்சு."

"உங்களுக்கா? உங்களை யார் குத்தினது?"

"நான்தான் வெளுத்தேன். அந்தப் பொண்ணு வேண்டாம்னு தலைதலையா அடிச்சுக்கிச்சு. வெந்நீர்ல போட்டேன், பிளீச்சிங் போட்டேன், ரெண்டு தடவை. பெட்டி மேல தப்பில்ல. அவர் மேலயும் தப்பில்ல. அவரைத் திட்டாதீங்க."

"மாமா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் அக்கா மகள். "மடிப்பு வேற!"

"மடிப்பும் நான்தான்" என்றார். கையை இறக்கவே இல்லை. இறக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. அக்காவின் குரல் வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக. "லாண்டரிக்காரர் தமக்குப் பட்டதாகத் தெரிவிக்கிறார். ஒரு புள்ளி."

யாருக்கு அந்தப் புள்ளி என்று அவள் சொல்லவில்லை.

ஆட்டம் ரத்து என்ற பேச்சே பிறகு எழவில்லை. அக்கா மகள்தான் சொன்னாள்: விளக்கு வேண்டாம், நெட்டை தூக்கின மாதிரி பட்டவங்க கை தூக்கட்டும். நடுவருக்கு நம்பிக்கை இல்லை. "என் நாற்காலில உக்கார்றவங்க ஒருத்தராவது ராத்திரி பல் தேய்க்கலைன்னு ஒத்துக்கிட்டதுண்டா?" என்றார். ஆனால் வேறு வழியும் இல்லை. ஆட்டம் நடந்தது. பட்டவர்கள் கை தூக்கினார்கள். ஒரே ஒருவன் மட்டும் வயிற்றில் குத்து வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல நின்றான். முன் வரிசைக் குழந்தைகள் அவனையே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் கை, வேறு யாருடைய கையோ போல, தானே எழுந்தது. குழந்தைகள் போட்ட கூச்சலில் கூரை பிய்ந்துகொள்ளும் போலிருந்தது.

அந்தக் கூச்சலைக் கேட்ட ஒருவருக்கு ஆசை வந்துவிட்டது. நாலாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. "போன மழையில பக்கத்து வீட்டுக் குடையை எடுத்துட்டுப் போனது நான்தான்" என்றார் அந்த மனிதர். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "குடைக்காரர் தமக்குப் பட்டதாகத் தெரிவிக்கிறார்" என்றாள் அக்கா. கைதட்டல். அவர் கூச்சத்தோடு எழுந்து போய் வாளியில் எதையோ போட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான், தொற்று நோய் போலப் பரவிவிட்டது. மாடிப்படி விளக்கை உடைத்தவர் கை தூக்கினார். கணவன் மீசை நன்றாயிருக்கிறது என்று பல வருஷமாகப் பொய் சொன்னவள் கை தூக்கினாள், கணவன் மீசையைத் தடவிக்கொண்டே போய் வாளியில் போட்டார். லாண்டரிக்காரர் மனைவிகூடத் தூக்கினாள்: "பேருந்து நிலையத்து லாண்டரியில நானும் ஒரு தடவை துணி போட்டிருக்கேன்." அவர் அதிர்ந்து திரும்பினார். "சுருங்கவே இல்ல" என்றாள் அவள்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் நடுவரே விசில் ஊதி எல்லாவற்றையும் நிறுத்தினார். கை தூக்கினார். "ஒரு அம்மாவுக்கு வலது பக்கப் பல்லைப் பிடுங்கணும். நான் இடது பக்கத்தைப் பிடுங்கிட்டேன். அந்தப் பல்லும் கெட்டிருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

ஏழாவது வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நடுவர் அன்று தன் சட்டைப்பை முழுவதையும் வாளியில் கவிழ்த்தார்.

இறுதி ஆட்டத்தில் அக்கா மகள் நெட்டையிடம் தோற்றாள். கடைசிக் குத்து பட்டதா இல்லையா என்று யாருக்குமே தெரியவில்லை, அவளே கையைத் தூக்கினாள். வாளியை ஒரு ஆளால் தூக்க முடியவில்லை. எலெக்ட்ரீஷியனும் லாண்டரிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனார்கள். "என்னால திட்டு வாங்கினீங்க, இனிமே உங்க வீட்டுத் துணியெல்லாம் காசில்லாம நான்தான் வெளுப்பேன்" என்றார் இவர். "வேண்டாங்க" என்று அவசரமாகச் சொன்னார் அவர்.

ஆனால் நாள் முழுக்க லாண்டரிக்காரர் ஒன்றையேதான் கவனித்துக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த கையெல்லாம் எழுந்தது, அக்கா கை எழவில்லை. மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள், எல்லாம் முடிந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கை தூக்கியும் பிரயோஜனம் இல்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை கடை திறந்ததும் அக்கா வந்தாள். கையில் மூட்டை. வழக்கம் போல மெதுவாக நடந்தாள், வழக்கம் போல மூட்டையை அவர் பக்கம் பிடித்திருந்தாள். கடையைத் தாண்டி நாலடி போனாள். நின்றாள். திரும்பி வந்து மூட்டையை மேஜை மேல் வைத்து அவிழ்த்தாள்.

அந்தக் கம்பளிக் கோட்டு. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார், விரித்தார், ஓரத்தையும் கையையும் தடவினார். முகத்தை நிமிர்த்தாமலே சொன்னார்.

"சுருங்கித்தான் போச்சு அக்கா. மூணு விரல் இருக்கும்."

"நாலு."

"மூணுதான்…" என்று ஆரம்பித்தவர், விரலை வைத்து அளந்து பார்த்தார். இடது கையைத் தூக்கினார்.

அக்கா வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த தம்பி மனைவியைப் பார்த்தாள். அவள் உடனே ரோஜாச் சீட்டுகளை எண்ணுவது போல பாவனை செய்தாள். பிறகு அக்காவின் கை எழுந்தது, தோள் மட்டத்துக்கு, அதற்கு மேல் போகவில்லை.

"நாலு விரல் உன்னால. பொத்தான் எட்ட அதுக்கு மேல இன்னும் ஒரு சாண் வேணும். அது என்னாலதான். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் தன் கண்ணீர் கோட்டின் மேல் விழப்போவதைப் பார்த்து, கறை படுமே என்று அவசரமாக முகத்தைத் தள்ளிக்கொண்டார். அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பிறகு, நாய்களும் நிற்கும் அந்தக் குரலில் சொன்னாள்.

"தாமதத்திற்கு வருந்துகிறோம்."